தாவரம் தன் பசியை அறியும் வகை – ஒரு வரலாற்று நோக்கு

பசித்த விலங்கு இரை தேடிச் செல்லும். நின்ற இடத்திலேயே நின்று வாழும் தாவரத்துக்கு அவ்வசதி இல்லை. தன் வேர் பரந்த அளவிலான மண்ணில் எது உண்டோ அதனைக் கொண்டே அது வாழ வேண்டும். அம்மண்ணில் நைதரசனோ பொசுபரசோ இரும்போ குறையுமாயின், அக்குறையைத் தாவரம் எவ்வாறு அறிகின்றது? அறிந்தபின் யாது செய்கின்றது? வேரில் நேர்ந்த குறை இலைக்கு எவ்வாறு தெரிகின்றது? இலையின் தேவை வேருக்கு எவ்வாறு எட்டுகின்றது? இவை இன்று தாவர உடற்றொழிலியலின் முதன்மையான வினாக்களுட் சில. ஆயின், இவை வினாக்களாக எழுவதற்கே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. தாவரம் எதனை உண்கின்றது என்பதை அறிவதில் முதலிரு நூற்றாண்டுகள் கழிந்தன. அதற்கு எவ்வளவு இட வேண்டும் என்பதில் அடுத்த நூற்றாண்டு கழிந்தது. தனக்கு வேண்டிய அளவைத் தாவரமே அளந்தறிந்து நடந்துகொள்கின்றது என்னும் உண்மை அதன் பின்னரே தெளிவாயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த வரலாறு விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி உழவுக்கும் உரியதாகும்.

மண்ணின் கொள்கலமாகத் தாவரம்

தாவரத்துக்கு மண்ணே வயிறு என அரிஸ்டோட்டில் கருதினார். விலங்கின் வயிற்றில் உணவு பக்குவப்படுவதுபோல் மண்ணிற் பக்குவப்பட்ட உணவை வேர் உறிஞ்சிக்கொள்கின்றது என்பது அவர் கொள்கை. தமிழிலக்கண மரபு புல்லையும் மரத்தையும் தொட்டறியும் உணர்வு மாத்திரம் உடைய ஓரறிவுயிர்களாக வகுத்தது. இரு மரபுகளிலும் தாவரம் உயிருடையதே. எனினும் தன் உணவின் நிறைவையும் குறைவையும் அறியும் ஆற்றல் அதற்கு உண்டென இரண்டும் கூறவில்லை.

பரிசோதனை வழியில் இவ்விடயத்தை முதலில் அணுகியோருள் வன் எல்மொன்ற் என்பவர் ஒருவர். சாடி ஒன்றில் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை இட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மாத்திரம் ஊற்றி அவர் வளர்த்தார். ஈற்றில் மரத்தின் நிறை 169 இறாத்தலுக்கு மேலாயிற்று. மண்ணின் நிறையோ ஏறத்தாழ இரண்டு அவுன்சே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீராலேயே ஆக்கப்பட்டதென அவர் முடிவு செய்தார். அவர் இறந்தபின் 1648ஆம் ஆண்டு இம்முடிவு நூலில் வெளிவந்தது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் பங்கை அறியாத காலமாதலின் அம்முடிவு பிழைத்தது. பொருட்படுத்தப்படாது விடப்பட்ட அந்த இரண்டு அவுன்சு மண்ணே பிற்காலத்தில் பெரும் ஆராய்ச்சிக்கு இடமாயிற்று.

1699ஆம் ஆண்டில் யோன் வூட்வேட் என்னும் ஆங்கிலேயர் புதினாவகைச் செடிகளை மழைநீரிலும் தேம்சு ஆற்று நீரிலும் தோட்ட மண் கலந்த நீரிலும் வளர்த்து ஒப்பிட்டார். நீரில் மண்பொருள் மிகுந்தோறும் செடியின் வளர்ச்சி மிகுந்தது. நீரன்றி அதிற் கரைந்துள்ள பொருளும் தாவரத்துக்கு வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. ஜெனீவாவைச் சேர்ந்த தெயோடோர் தெ சோசூர் 1804இல் வெளியிட்ட நூலில், கரைசலிலுள்ள உப்புகள் யாவற்றையும் வேர் ஒரே விகிதத்தில் உள்ளெடுப்பதில்லை என்பதை அளந்து காட்டினார். தாவரம் ஏதோ ஒருவகையில் தெரிந்தெடுக்கின்றது என்பதற்கு இது ஓர் ஆரம்ப அறிகுறியாகும். எனினும், அவ்வறிகுறியைத் தொடர்ந்து சென்று ஆராய்ந்தவர்கள் அக்காலத்திற் பலர் அல்லர்.

19ஆம் நூற்றாண்டின் கவனம் மண்ணின் இரசாயனத்தின்மேற் சென்றது. ஜேர்மனியைச் சேர்ந்த காள் சிப்பிரெங்கெல் 1828இல் எடுத்துரைத்ததும், பின்னர் யுஸ்ரஸ் வொன் லீபிக் உலகறியச் செய்ததுமான இழிவளவு விதி இக்காலத்துக்கு உரியது. தேவையான மூலகங்களுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைவின் எல்லையை நிருணயிக்கும் என்பது அவ்விதி. சமனில்லாத பலகைகளால் ஆன மரப்பீப்பாயில் மிகக் குட்டையான பலகையின் மட்டத்துக்கே நீர் நிற்கும் எனப் பிற்காலத்தார் இதற்கு உவமை கூறினர். உவமை எளிது, பயனுடையது. ஆயின், அதற்குள் தாவரம் பற்றிய ஒரு கருத்து மறைந்து நின்றது. பீப்பாய் தன் பலகை குட்டையானதை அறியாது. அறிந்து அதனை நீட்டவும் மாட்டாது. தாவரமும் அவ்வாறே இடுவதைக் கொள்ளும் கொள்கலம் எனக் கருதப்பட்டது.

லீபிக்கின் கொள்கையிலும் குறை இருந்தது. வேண்டிய நைதரசனைத் தாவரம் காற்றிலுள்ள அமோனியாவிலிருந்தே போதியளவு பெறும் என அவர் வாதிட்டார். 1840களில் அவர் பெயரில் விற்பனைக்கு வந்த பசளை, மழையில் அடித்துச் செல்லப்படாதிருத்தற் பொருட்டுக் கரையாத வடிவில் ஆக்கப்பட்டதனாற் பயிருக்குப் பயன்படாது போயிற்று. இங்கிலாந்தில் யோன் லோசும் யோசேப்பு கில்பேட்டும் ரொதாம்ஸ்ரெட் என்னும் இடத்தில் 1843இல் தொடங்கிய கோதுமை வயற் பரிசோதனைகள், தானியப் பயிருக்கு நைதரசனை மண்வழியாக இடுதல் இன்றியமையாதது எனக் காட்டின. அதற்கு முந்திய ஆண்டிலேயே சுப்பர்பொசுபேற்றுப் பசளைக்கு லோசு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவு நகரிற் காற்றின் நைதரசனிலிருந்து அமோனியா செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது. இனிமேல் பசளையின் அளவுக்கு ஆலையின் ஆற்றலே எல்லை என்றாயிற்று. எவ்வளவு இட்டால் எவ்வளவு விளையும் என்னும் வினாவே வேளாண் விஞ்ஞானத்தின் பெருவினாவாக நிலைத்தது.

குறைநோயின் மொழி

இதே காலத்திற் பிறிதொரு வழியிலும் ஆராய்ச்சி நடைபெற்றது. 1840களில் இயூசெப் கிறீ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, மஞ்சளித்த இலைகளின்மேல் இரும்புப்புக் கரைசலைப் பூசியபோது பூசிய இடங்கள் மீண்டும் பச்சையாவதைக் கண்டார். 1860 அளவில் யூலியஸ் சாக்ஸும் வில்லெம் நொப்பும் மண் சிறிதுமின்றி உப்புக்கரைசலில் மாத்திரம் தாவரங்களை வளர்க்கும் முறையைத் திருத்தமாக அமைத்தனர். கரைசலில் ஒரு மூலகத்தை விடுத்து ஏனையவற்றை இட்டுப் பார்த்தால் விடுபட்டதன் பணி தெரியவரும். இவ்வழியால் இன்றியமையாத மூலகங்கள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன. ஒரு மூலகத்தை இன்றியமையாதது எனக் கொள்வதற்கான நியமங்களை ஆணனும் சிரவுட்டும் 1939இல் வகுத்துரைத்தனர்.

நீர்வளர்ப்பினால் ஒவ்வொரு குறைக்கும் உரிய தனி அடையாளங்கள் தெளிவாயின. நைதரசன் குறையுமிடத்து முதிர்ந்த கீழிலைகள் முதலில் மஞ்சளிக்கும். இரும்பு குறையுமிடத்து இளந்தளிர்களே முதலில் வெளிறும். முதிர்ந்த இலையிலுள்ள புரதத்தைச் சிதைத்து அதன் நைதரசனைத் தளிருக்குத் தாவரம் கொண்டுசெல்ல வல்லது. இரும்பை அவ்வாறு எளிதிற் பெயர்க்க இயலாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இதனை அக்கால நூல்கள் மூலகத்தின் இயங்குதன்மை என்னும் தலைப்பில் விளக்கின. ஆயினும் சற்று ஊன்றி நோக்கின், இங்கு வெறும் இயக்கத்துக்கு மேற்பட்டது ஒன்று உண்டு. பஞ்சகாலத்திற் பழைய இலையைக் கைவிட்டுப் புதிய இலையைக் காப்பது ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு செயலாகும். வேரிற் குறைந்தது எதுவென்பது எவ்வழியாகவோ இலைக்குத் தெரிந்தால் அன்றி அச்செயல் உரிய காலத்தில் தொடங்கமாட்டாது.

நைதரசனோ பொசுபரசோ குறைந்த தாவரத்திற் கிளையும் இலையும் சிறுத்து, அவற்றோடு ஒப்பிடுகையில் வேர் பெருத்துக் காணப்படும் என்பதும் அறியப்பட்டிருந்தது. 1960களின் ஆரம்பத்தில் ஒல்லாந்தைச் சேர்ந்த புறூவர், வேருக்கும் தண்டுக்கும் இடையே தொழிற் சமநிலை ஒன்று பேணப்படுகின்றது என எடுத்துக்காட்டினார். உணவுக் குறை மண்ணில் எனின் வேர் வளரும். ஒளிக்குறை எனின் தண்டும் இலையும் வளரும். இச்சமநிலையை எது பேணுகின்றது என்பதற்கு விடை அப்போது கிடைக்கவில்லை.

உறுப்புக்கு உறுப்பு செல்லும் செய்தி

தாவரத்தின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்பக்கூடும் என்னும் கருத்து ஊட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததன்று. சாள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில், புல்லினத்து முளையின் நுனியை ஒளி படாது மூடிவிடின் அதன் கீழ்ப்பகுதி ஒளியை நோக்கி வளைவதில்லை எனக் காட்டினர். உணரும் இடம் ஒன்று, வளையும் இடம் பிறிதொன்று. இடையே ஏதோ கடத்தப்படுகின்றது என்பது இதன் பொருள். 1880களில் சாக்ஸ் உறுப்பாக்கும் பொருள்கள் தாவரத்தினுள்ளே பாய்கின்றன எனக் கருதினார். 1928இல் வென்ற் என்னும் ஒல்லாந்த விஞ்ஞானி முளைநுனியிலிருந்து பரவும் வளர்ச்சிப்பொருளை ஏகாரில் ஏற்று அளந்து காட்டியபின் தாவர ஓமோன் என்பது ஐயத்துக்கு இடமற்றதாயிற்று. ஆயின், வளைதலையும் கிளைத்தலையும் விளக்க எழுந்த இக்கருத்து பசியை விளக்கப் பயன்படுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

உள்ளெடுத்தல் பற்றிய ஆராய்ச்சியே இடைவெளியை நிரப்பியது. நைற்றெல்லா என்னும் நன்னீர் அல்காவின் கலச்சாற்றில், அது வாழும் குளத்து நீரிலும் பன்மடங்கு செறிவாகப் பொற்றாசியம் சேர்ந்திருப்பதைக் கலிபோணியாவில் ஓக்லண்ட் 1920களில் எடுத்துக்காட்டினார். 1952இல் எப்ஸ்ரைனும் ஏகனும் பார்லி வேர்களைக் கொண்டு செய்த பரிசோதனைகளில், அயன்களின் உள்ளெடுப்பு நொதியத் தாக்கத்தைப் போலவே ஓர் உச்சத்தை எட்டி நிற்பதைக் கண்டனர். மென்சவ்வில் அயனைப் பற்றிக் கடத்தும் காவிகள் உள்ளன என்பது இதன் உட்கிடை. காவி உண்டெனின் அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். சில நாள் பொசுபேற்றின்றி வைத்த வேர், மீண்டும் அது கிடைத்தவுடன் நிறைவுற்ற வேரினும் விரைந்து உறிஞ்சுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கொள்கலம் என எண்ணப்பட்டது தன் வாயைத் தானே விரிக்கவும் சுருக்கவும் வல்லதாகக் காணப்பட்டது.

1975இல் ட்ரூ என்னும் ஆங்கில விஞ்ஞானி வெளியிட்ட பரிசோதனை இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். பார்லிச் செடியின் ஒரு வேரை மூன்று பகுதிகளாக வகுத்து, நடுப்பகுதிக்கு மாத்திரம் நைத்திரேற்றைச் செறிவாக வழங்கினார். அப்பகுதியிற் பக்கவேர்கள் நெருங்கி வளர்ந்தன. ஏனைய பகுதிகளில் அவை அருகின. அமோனியத்துக்கும் பொசுபேற்றுக்கும் இவ்விளைவே உண்டாயிற்று; பொற்றாசியத்துக்கு உண்டாகவில்லை. பொதுவான போசணையே காரணமாயின் பொற்றாசியத்துக்கும் இது நிகழ்ந்திருக்க வேண்டும். ஆகவே, குறித்த சில அயன்களை வேர் அடையாளம் கண்டு நடந்துகொள்கின்றது எனக் கொள்ளவேண்டியதாயிற்று.

ஒட்டுக்கட்டிக் கண்ட உண்மை

வேர் தானே அறிகின்றதா, இலையின் ஏவலைக் கேட்கின்றதா என்னும் வினாவுக்கு விடையளித்தது தோட்டக்காரரின் பழைய கலையாகிய ஒட்டுக்கட்டலே. ஒரு தாவரத்தின் தண்டை மற்றொன்றின் வேர்க்கட்டையிற் பொருத்திவிட்டால், மாற்றத்துக்குக் காரணமான உறுப்பு எதுவெனப் பிரித்தறியலாம்.

இரும்பு பற்றிய ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு பெரிக்கு வடிவிற் கரையாது கிடக்கும். புல்லினத் தாவரங்கள் இரும்பைப் பிணைத்துக் கரைக்கும் சேர்வைகளை வேரிலிருந்து சுரக்கின்றன என்பதை யப்பானிய விஞ்ஞானி தக்காகி 1976இல் நெல்லையும் ஓற்சையும் கொண்டு காட்டினார். ஏனைய தாவரங்கள் வேரின் மேற்பரப்பில் அமிலத்தை வெளிவிட்டு, பெரிக்கு இரும்பைப் பெரசு இரும்பாகத் தாழ்த்தி உள்ளெடுக்கின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு உத்திகள் என்பதை ஜேர்மனியைச் சேர்ந்த உறோம்கெல்ட்டும் மாஷ்னரும் 1986 அளவில் நிலைநாட்டினர். இரண்டும் இரும்பு குறைந்தபோதே முடுக்கப்படுகின்றன. பட்டாணியில் ஒருவகை விகாரி, இலையில் இரும்பு மிகுந்து நஞ்சாகும் நிலையிலும் வேரின் தாழ்த்தும் தொழிலை நிறுத்துவதில்லை. 1996இல் கிறூசாக்கும் பெசெஷ்கியும் அவ்விகாரியின் தண்டை இயல்பான வேரில் ஒட்டினர். இயல்பான அவ்வேரும் பசித்த வேர்போல் மிகையாகத் தொழிற்பட்டது. குறை வேரில் இல்லை. தண்டிலிருந்து வந்த செய்தியே தவறானது. இலை 'போதும்' எனக் கூறாதவரை வேர் ஓய்வதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. இரும்பு குறையும்போது தோன்றி அதன் உள்ளெடுப்பை முடுக்கும் சிறு பெப்ரைட்டுக்கள் சில 2018இல் தாய்வானிலிருந்து அறிவிக்கப்பட்டன.

பொசுபரசின் கதை இதனினும் வியப்பானது. அரபிடொப்சிசு என்னும் சிறு செடியின் விகாரி ஒன்று இலையிற் பொசுபேற்றை அளவுமீறிச் சேர்க்கின்றது என 1995இல் அவுஸ்திரேலியாவில் டெலேசும் ரண்டலும் கண்டனர். அதிற் பழுதுபட்ட பரம்பரையலகு, பொசுபேற்றுக் காவிகளை அழிப்பதற்குத் துணைசெய்யும் ஒரு புரதத்துக்குரியது எனப் பின்னர் அறியப்பட்டது. அதாவது, அது ஒரு தடை. பசிகாலத்தில் அத்தடையை நீக்குவது யார்? ஏறத்தாழ 21 அலகுகளே கொண்ட நுண்ணிய ஆர்.என்.ஏ. ஒன்று அத்தடைப் புரதத்துக்கான ஆணையை வெட்டிவிடுகின்றது என 2005, 2006ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது. 2008இல் ஜேர்மனியிலும் தாய்வானிலும் வெவ்வேறாக நடந்த ஒட்டுப் பரிசோதனைகள், இந்நுண் ஆர்.என்.ஏ. தண்டில் உண்டாகி உரியத்தின் வழியே இறங்கி வேரிற் தொழிற்படுகின்றது எனக் காட்டின. வெல்லத்தைக் கீழே கொண்டுசெல்லும் உரியக்குழாய் தண்டின் பசியையும் கீழே அறிவிக்கின்றது.

நைதரசனிற் செய்தி இருவழியாகச் செல்கின்றது. வயல் மண் எங்கும் ஒரு தன்மையதன்று. ஒரு பக்கம் நைத்திரேற்று மிகுந்தும் மறுபக்கம் வறண்டும் இருக்கும். வறண்ட பக்கத்து வேர் தன் பசியைத் தானே தீர்க்க இயலாது. 2014இல் யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், நைதரசன் அற்ற வேர்ப்பகுதி 15 அமினோவமிலங்களாலான ஒரு சிறு பெப்ரைட்டைச் சுரக்கின்றது எனவும், அது காழின் வழியே ஏறி இலையிலுள்ள வாங்கியிற் பொருந்துகின்றது எனவும் அறிவித்தனர். அதற்கு மறுமொழியாக இலையில் உண்டாகும் வேறு பெப்ரைட்டுக்கள் உரியத்தின் வழியே வேரை அடைகின்றன என்பதை அவர்களே 2017இல் வெளிப்படுத்தினர். இறங்கும் செய்தி எல்லா வேர்களையும் எட்டினும், நைத்திரேற்று உள்ள பக்கத்து வேரிலேயே உள்ளெடுப்பு மிகுகின்றது. குடும்பத்தில் ஒருவர்க்கு நேர்ந்த இல்லாமையை மற்றவர் கூடுதலாக உழைத்து ஈடுசெய்வதை இது ஒக்கும். மூளையும் நரம்பும் இல்லாத உயிரில் இவ்வாறு மேலும் கீழுமாகச் செய்தி சென்று ஒரு முடிவு எய்தப்படுவதை முந்திய நூற்றாண்டின் நூல்கள் கற்பனை செய்திருக்கவில்லை.

உணரும் மூலக்கூறு

செய்தி செல்லும் வழி தெரிந்தபின்னும் முதலில் உணர்வது எது என்னும் வினா எஞ்சியது. உள்ளெடுத்த நைத்திரேற்று அமினோவமிலமாக மாறியபின்னரே தாவரம் அதனை அறிகின்றதா, நைத்திரேற்றையே நேராக அறிகின்றதா? 1998இல் சாங்கும் போட்டும் நைத்திரேற்று உள்ள இடத்திற் பக்கவேர் நீள்வதற்கு வேண்டிய ஒரு பரம்பரையலகை இனங்கண்டனர். நைத்திரேற்றைத் தாழ்த்தி உணவாக்க இயலாத விகாரிகளிலும் பக்கவேர் அவ்வாறே நீள்வதை அடுத்த ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. ஆகவே, நைத்திரேற்று உணவாவதோடு தானே செய்தியுமாகின்றது. இவ்வாய்வு நடைபெற்ற இடம் ரொதாம்ஸ்ரெட். மண்ணுக்கு எவ்வளவு இடுவது என்னும் வினாவோடு 1843இற் தொடங்கிய நிலையத்திலேயே, 155 ஆண்டுகளின் பின், வேர் அதனை எவ்வாறு அறிகின்றது என்னும் வினாவும் எழுந்தது.

நஞ்சாகிய குளோரேற்றை நைத்திரேற்றென மயங்கி உள்ளெடுக்கும் இயல்பு தாவரத்துக்கு உண்டு. குளோரேற்றுக்கு மாளாத விகாரியைக் கொண்டு நைத்திரேற்றுக் காவியின் பரம்பரையலகு ஒன்றை 1993இற் சேயும் குரோபேட்டும் பிறரும் பிரித்தெடுத்தனர். 2009இற் சேயின் குழு, அக்காவியே நைத்திரேற்றை உணரும் உறுப்புமாகும் என நிறுவியது. கடத்தும் ஆற்றல் கெட்டும் உணரும் ஆற்றல் கெடாத விகாரி ஒன்று இதற்குச் சான்றாயிற்று. வாயிற்காவலன் ஒருவனே வருவோரை உள்ளே விடுவதும் எத்தனை பேர் வந்தனர் என அறிவிப்பதும் போன்றது இது. கருவினுட் சென்று பரம்பரையலகுகளை ஏவும் ஒரு புரதம் நைத்திரேற்றோடு நேரடியாகப் பிணைகின்றது என்பது 2022இல் வெளியாயிற்று. பொசுபேற்றைப் பொறுத்தவரை, கலம் அதனை நேராக அளப்பதில்லை. பொசுபேற்று நிறைந்த காலத்தில் உண்டாகும் இனோசிற்றோல் பைரொபொசுபேற்றுக்கள் ஒரு வகைப் புரதத்தோடு பிணைந்து, பசிக்கால வினைகளைத் தொடக்கும் புரதத்தைக் கட்டிவைக்கின்றன. அவை குறைந்தவுடன் கட்டு அவிழ்கின்றது. 2014 முதல் 2016 வரையான ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின.

வெளியே கேட்ட குரல்

பசியின் செய்தி தாவரத்தின் உள்ளோடு நிற்பதில்லை. பொசுபரசு குறைந்த வேர் சிற்றளவிற் சில சேர்வைகளை மண்ணிற் சுரக்கின்றது. இச்சேர்வைகள் வேரோடு கூடிவாழும் பங்கசுக்களைக் கிளைத்து வளரச் செய்து அழைக்கின்றன என 2005இல் யப்பானில் அக்கியாமாவின் குழு கண்டது. அப்பங்கசுக்கள் வேர் எட்டாத இடத்துப் பொசுபேற்றைக் கொணர்ந்து தாவரத்துக்கு அளிக்கின்றன. 2008இல் இதே சேர்வைகள் தாவரத்தினுள்ளே கிளைத்தலைத் தடுக்கும் ஓமோனாகவும் தொழிற்படுகின்றன என இரு குழுக்கள் அறிவித்தன. வெளியே உதவி கேட்கும் குரலும் உள்ளே செலவைக் குறைக்கும் ஆணையும் ஒரே சேர்வைகளே.

ஆயின், அக்குரலைப் பகையும் கேட்கின்றது. ஆபிரிக்காவின் இறுங்கு, சோள வயல்களைப் பாழ்செய்யும் ஸ்திரைகா என்னும் ஒட்டுண்ணிக் களையின் விதைகள் இச்சேர்வைகள் எட்டியபோதே முளைக்கின்றன. உண்மையில் இவ்வகைச் சேர்வை முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது 1966இல், பருத்தி வேரின் சுரப்பிலிருந்து, ஸ்திரைகாவை முளைக்கச் செய்யும் பொருளாகவே. தன் விருந்துயிருக்கு நேரும் தீமையைச் செய்யும் சேர்வையாக அறியப்பட்டது, தாவரத்துக்கு எப்பயன் கருதி அமைந்தது என்பது தெரிய நாற்பதாண்டுகள் சென்றன. மண் வளங்குன்றிய வயல்களிலேயே அக்களை மிகுந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

வயலுக்கு இதனால் ஆவதென்ன?

இவ்வறிவு ஆய்வுகூடத்தோடு நிற்பதன்று. வயலுக்கு இடும் நைதரசனிற் பாதியளவோ அதனிலும் குறைந்த அளவோதான் பெரும்பாலும் பயிரைச் சேர்கின்றது. எஞ்சியது நீரோடும் காற்றோடும் செல்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நன்னீர் சுண்ணாம்புக் கற்படையினுள் மழைநீர் இறங்கித் தங்குவதால் உண்டாவது. வயலில் இட்டதும் அதனோடு இறங்குகின்றது. செறிந்த பயிர்ச்செய்கை நடைபெறும் இடங்களிற் பல கிணறுகளின் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருந்தமை 1980களின் ஆய்வுகளிலேயே காட்டப்பட்டது. தாவரம் நிறைவுற்றதும் தன் காவிகளைச் சுருக்கிக்கொள்ளும் என்பதை மறந்து இடப்பட்ட பசளை உழவரின் சொந்தக் கிணற்றுக்கே திரும்புகின்றது.

இதற்கு மறுதலையான பிழையும் இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் விளைவிற் பெரிதும் குன்றின. நவம்பர் மாதம் அத்தடை நீக்கப்பட்டது. பசளை நிறைந்த நிலத்துக்கென வளர்த்தெடுக்கப்பட்ட பயிரினத்தை ஒரே போகத்திற் பசிக்கு விட்டால் அது பிழைக்கும் வழியை உடனே தேடிக்கொள்ளாது. தாவரத்தின் செய்தி முறை பஞ்சத்தைத் தாங்க உதவுமேயன்றி இல்லாத உணவை உண்டாக்க மாட்டாது. குறைந்த நைதரசனைக் கொண்டு அது காப்பது தன் உயிரையும் சில விதைகளையுமே. உழவரின் களஞ்சியம் அதன் கணக்கில் இல்லை.

இவ்விரு பிழைகளுக்கும் இடைப்பட்ட வழியை நெல்லே காட்டியுள்ளது. கசலத் என்னும் பழைய இந்திய நெல்லினம் பொசுபரசு குறைந்த மண்ணிலும் நன்கு வளர்வதை யப்பானில் ஆராய்ந்து, அதற்குக் காரணமான பகுதியை 1998இல் விசுவாவின் குழு இனங்கண்டது. அப்பகுதியிலுள்ள பரம்பரையலகு இளம் பருவத்தில் வேரைப் பெருக்க உதவுகின்றது எனப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர் 2012இல் வெளியிட்டனர். பொசுபரசுக் குறையைத் தாங்காத நவீன இனங்களில் இப்பரம்பரையலகு காணப்படவில்லை. தாராளமாகப் பசளையிட்ட பாத்திகளில் விளைவு ஒன்றையே கருதி இனங்களைத் தெரிந்தபோது, பசியை எதிர்கொள்ளும் திறன் தெரிவார் இன்றி நழுவிப்போயிற்று எனக் கொள்ள இடமுண்டு. இலங்கையின் எப்பாவலையில் 1971இற் கண்டறியப்பட்ட அபற்றைற்றுப் படிவு நீரில் எளிதிற் கரையாமையால், நெல்லுக்கன்றித் தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கே பெரும்பாலும் பயன்படுகின்றது. கரையாத பொசுபேற்றைக் கரைக்கும் அமிலங்களைச் சுரக்க வல்ல வேர்கள் இயற்கையில் உண்டு என்பதை நினைக்குமிடத்து, இத்துறை ஆராய்ச்சி இந்நாட்டுக்கு எத்துணை வேண்டியது என்பது விளங்கும்.

லீபிக்கின் விதி இன்றும் பொய்த்துவிடவில்லை. குறைந்த மூலகமே விளைவை எல்லைப்படுத்துகின்றது. ஆயின், அவ்வெல்லைக்குள் தாவரம் வாளாவிருப்பதில்லை. அது அளக்கின்றது, அறிவிக்கின்றது, முதிர்ந்ததைக் கைவிட்டு இளையதைக் காக்கின்றது, ஒரு வேரின் இல்லாமையை மறுவேரால் ஈடுசெய்கின்றது. பசளையின் அளவை மண்ணைச் சோதித்து நிருணயிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. பயிர் தானே கொண்டுள்ள அளவையும் அதனோடு சேர்த்துக் கேட்டறியும் வழக்கம் இனி வரவேண்டும். அவ்வாறு வருமாயின் வயலின் விளைவும் கிணற்றின் நீரும் ஒருங்கே காக்கப்படும்.